இல்லத்திலும் வளர்ப்புக் குடும்பத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பேச: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எங்கே தொடங்குவது?

#1 பாரூர்க்கரை (போச்சம்பள்ளி)

வணக்கம். குழந்தைகள் இல்லத்திலோ வளர்ப்புப் பராமரிப்பில் வேறொரு குடும்பத்திலோ இருக்கிற பிள்ளைக்கு, முடிவெடுக்கிற இடத்தில் அதன் பக்கம் நின்று பேச ஒரு ஆள் வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் நீதிபதியே இதற்குத் தன்னார்வலரை நியமிக்கிறார்களாம். நம்ம ரெண்டு மாவட்டத்திலும் அப்படி ஏதாவது வழி இருக்கிறதா? நான் சட்டம் படித்தவன் இல்லை. வாரத்தில் ஒரு முழு நாள் ஒதுக்க முடியும். கேக் வெட்டுவது, அன்னதானம், துணிமணி கொடுப்பது பற்றிக் கேட்கவில்லை. பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு முடிவு சரியாக வர உதவுகிற வேலை எது, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

#2 தென்பெண்ணை (கிருஷ்ணகிரி, வழக்கறிஞர்)

நீங்கள் சொல்கிற முறையை 1977-ல் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி தொடங்கினார். ஒரு தன்னார்வலருக்கு ஒரு பிள்ளை, அல்லது ஒரே வீட்டு உடன்பிறந்தவர்கள், அவ்வளவுதான். வேலைக்கு முன் 30 மணி நேரம் பயிற்சி. அதே பதவி நம் சட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய இடம் இருக்கிறது.

இங்கே முடிவெடுப்பது நீதிமன்றம் அல்ல, மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர், அதில் குறைந்தது ஒருவர் பெண். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 27-ன்படி அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. மாதத்தில் 20 நாளாவது அமர வேண்டும். ஆகவே அங்கே போகும்போது தொண்டு செய்யப் போகிற மனநிலையில் போகாதீர்கள். ஒரு நீதிமன்றத்துக்குள் போகிற ஒழுங்கு வேண்டும்.

உள்ளே போகச் சில வாசல்கள் இருக்கின்றன. உங்களுக்கு நேராகப் பொருந்துவது, இதே சட்டத்தின்கீழ் வந்த மத்திய மாதிரி விதிகள் 2016 சொல்கிற கேஸ் ஒர்க்கர். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியாகப் பிள்ளையோடு குழுவின் முன் வருபவர், குழு ஒப்படைக்கிற வேலையைச் செய்பவர் என்றுதான் அதன் விளக்கமே இருக்கிறது. தனி ஆளாகப் போனால் நடக்காது, ஒரு பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அடுத்தது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர். விண்ணப்பத்துக்கு அறிவிப்பு வரும், தேர்வானால் பயிற்சி தருவார்கள். பிள்ளை என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12. அந்த மனுவை எழுதிக் கொடுக்கிற ஆள் நீங்களாக இருக்கலாம். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, போக்சோ விதிகள் 2020-ன்படி குழு நியமிக்கிற ஆதரவு நபர் என்று ஒரு பொறுப்பும் இருக்கிறது. அதற்குக் கல்வித் தகுதியும் துறை அனுபவமும் பார்ப்பார்கள், புதிதாக வருபவர் அதில் தொடங்க வேண்டாம். பெயர்ப் பட்டியல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கும்.

எந்த வாசலில் போனாலும் காவல் துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். கேட்கவில்லை என்றாலும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

#3 தகடூரான் (தருமபுரி)

வழக்கறிஞர் சார் வாசலைக் காட்டிவிட்டார். உள்ளே போனதும் என்ன செய்வது என்று நான் சொல்கிறேன். இந்த வேலையின் முக்கால்வாசி, தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

பிள்ளை மீட்கப்பட்டதும் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுவின் முன் கொண்டுவர வேண்டும். சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் முடிய வேண்டும். பிள்ளை முதலில் முன்னிலைப்பட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் இறுதி ஆணை. இல்லத்தில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் தனிநபர் பராமரிப்புத் திட்டம், மாதிரி விதிகளில் அது படிவம் 7. முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் அதில் முன்னேற்றம் எழுதப்பட வேண்டும். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தத் தேதிகளை முதல் நாளே கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே நின்று போகிறது? பெரும்பாலும் விசாரணை அறிக்கையில். "பெற்றோர் பெங்களூரில் கூலி வேலை, தொடர்புகொள்ள இயலவில்லை" என்று ஒரு வரி இருக்கும், அதோடு கோப்பு மூடிக் கிடக்கும். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகிற குடும்பம் ஒரே மேஸ்திரியோடுதான் போகும். மேஸ்திரியின் எண் ஊரில் யாரிடமாவது இருக்கும். ரேஷன் கடை, அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய நால்வரில் ஒருவருக்குக் குடும்பம் எப்போது ஊருக்கு வரும் என்று தெரிந்திருக்கும். பொங்கலுக்கும் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கும் வராதவர்கள் குறைவு. "இந்தத் தேதியில் பெற்றோர் ஊரில் இருப்பார்கள், அன்று விசாரணை வைக்கலாம்" என்று எழுதிக் கொடுங்கள். நின்றுபோன கோப்பு நகரும்.

இன்னொரு தடங்கல், காரணம் எழுதாமல் தேதி தள்ளிப் போவது. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் மூன்று விஷயம் கேட்டு எழுதுங்கள்: என்ன பாக்கி, யாரிடம் பாக்கி, அடுத்த தேதி என்ன. அடுத்த தேதி இல்லாமல் வெளியே வராதீர்கள்.

#4 தளி_மேகலை (தேன்கனிக்கோட்டை)

தகடூரான் அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் திருத்தணும். தன்னார்வலர் தானாகவே பிள்ளையின் ஊருக்குப் போய் விசாரிக்கக் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ரேஷன் கடையில் போய் "உங்க ஊர்ப் பொண்ணு இல்லத்துல இருக்கு, அப்பா அம்மா எங்க?" என்று கேட்டாலே ஊர் முழுக்கப் பரவிடும். அந்தப் பொண்ணு திரும்பிப் போகிறப்போ அது அவளுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். குழுவின் எழுத்துபூர்வமான உத்தரவு இருந்தால், அலகின் சமூகப் பணியாளரோடு சேர்ந்து போங்க. இல்லையென்றால் யாரைக் கேட்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கங்க.

படம் எடுப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது, முகத்தை மறைத்துப் போடுவது, எதுவும் கூடாது. முகம் மறைந்தாலும் யூனிஃபார்மும் இல்லத்தின் சுவரும் காட்டிக்கொடுத்துடும்.

#5 தகடூரான்

ஏற்றுக்கொள்கிறேன் மேகலை அக்கா. உத்தரவு வாங்கிக்கொண்டுதான் என்று நான் சேர்த்திருக்க வேண்டும்.

#6 பாரூர்க்கரை

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

#7 தளி_மேகலை

முதல் சந்திப்பில் எதுவும் விசாரிக்காதீங்க. நீங்க யார், எதுக்கு வர்றீங்க, மறுபடி எப்போ வருவீங்க, இந்த மூன்றும் போதும். "நான் உங்களுக்காகக் குழுவுல பேசுவேன். நீங்க சொல்றதை அப்படியே சொல்லுவேன். ஆனா முடிவு எடுக்கிறது அவங்க" என்று சொல்லிடுங்க. ஆறு வயசுக்கும் இது புரியும். வர்றேன்னு சொன்ன நாளில் வாங்க. வர முடியாவிட்டால் இல்லத்துக்குப் போன் பண்ணி, பிள்ளையிடமே சொல்லச் சொல்லுங்க.

உட்காரும் இடம் மற்றவர் கண்ணில் படணும், காதில் விழக் கூடாது. வராண்டா ஓரம், மரத்தடி நல்லது. கதவைச் சாத்திய அறை வேண்டாம், உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. அரை மணி நேரம் போதும். சின்னப் பிள்ளை என்றால் அதற்கும் குறைவு.

"ஏன் ஓடி வந்த?" என்று ஆரம்பிக்கிற கேள்வி எல்லாமே குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கும். "அன்னைக்குக் காலைல இருந்து சொல்லு", "அப்புறம்?", "அது எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்க. "அவங்க உன்னை அடிச்சாங்களா?" என்று பதிலை உள்ளே வைத்துக் கேட்டால், பிள்ளை உங்களுக்குப் பிடிச்ச பதிலைத் தேடும். பிறகு வழக்கு நடந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பதே அதைத்தான்.

மொழி. நம்ம பக்கம் இது பெரிய விஷயம். தளி, கெலமங்கலம், சூளகிரிப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளிக்கூடத் தமிழில் "நல்லா இருக்கேன்" என்று முடிச்சிடுவாங்க. அழுகை, கோபம், பயம் எல்லாம் வீட்டு மொழியில்தான் வரும். ஓசூர்த் தொழிற்சாலைப் பக்கம் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் பட்டியலை மாவட்ட அலகு வைத்திருக்கணும். குழுவிடம் எழுத்தில் கேளுங்க. இல்லப் பணியாளரையே மொழிபெயர்க்க வைக்காதீங்க. அவர்மேலேயே பிள்ளைக்குக் குறை இருந்தால் அது வெளியே வராது.

பாலியல் தொந்தரவு பற்றிப் பிள்ளை சொல்லிட்டால், மேலே ஒரு கேள்வியும் வேண்டாம். "நீ சொன்னது நல்லது, இதை நான் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லுங்க. ரகசியமா வைக்கிறேன்னு முன்னாடியே வாக்குக் கொடுக்காதீங்க, ஏனென்றால் உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-ல் தண்டனை. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அதே வார்த்தையில், அதே மொழியில், நேரத்தோடு அன்றே எழுதி வையுங்க. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

"அம்மான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்றீங்க என்பதை முன்கூட்டியே யோசிச்சு வையுங்க. "அக்கா", "அண்ணா", "சார்" எதுவானாலும் சரி. ஆனா அந்த இடத்தை நீங்க எடுத்துக்கக் கூடாது. "நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்பது விளையாட்டுக்குக்கூட வேண்டாம். சாமான் ஏதும் வாங்கிக் கொடுக்கணும்னா இல்லத்தின் பதிவேட்டில் எழுதி, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக.

#8 வத்தல்மலை (தருமபுரி)

தலைப்பில் வளர்ப்புப் பராமரிப்பு என்று இருக்கிறது. யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

முதலில் தத்தும் இதுவும் வேறு வேறு. வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றோரின் உரிமை அறுபடுவதில்லை. குழு குறிப்பிட்ட காலத்துக்கு ஆணை போட்டு, ஆய்வு செய்யப்பட்ட ஒரு குடும்பத்தில் பிள்ளையை வைக்கிறது. 2024-ல் வந்த திருத்திய மாதிரி வழிகாட்டு நெறிகள், திருமணமாகாதவர், துணையை இழந்தவர் போன்ற தனி நபரும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்கின்றன. தத்துக்கு உரிய பிள்ளையாக இருந்தால், 2 ஆண்டு வளர்த்த பிறகு அதே குடும்பம் தத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குழு மாதம் ஒருமுறை அந்த வீட்டை ஆய்வு செய்ய வேண்டும், மாதிரி விதிகளில் படிவம் 35. அந்தப் படிவம் மாதாமாதம் நிரம்புகிறதா என்று கேட்பது உங்கள் முதல் வேலை.

வீட்டுக்குப் போனால் எதைப் பார்ப்பது? பிள்ளை படுக்கும் இடம், புத்தகம் வைக்கும் இடம், சாப்பிடும் நேரம், அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் நேரமும் அதேதானா. காலையில் மாடு பிடித்துக் கட்டுவது, மாங்காய் சீசனில் தோப்புக்குப் போவது எல்லாம் நம் ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளையும் செய்யும் வேலைதான். கேட்க வேண்டியது, வேலை நாளில் பள்ளிக்கூடம் தவறுகிறதா, வீட்டுச் சொந்தப் பிள்ளைக்கும் அதே வேலை உண்டா என்பதுதான். பள்ளியில் வருகைப் பதிவை, குழுவின் அனுமதியோடு, மாத வாரியாகப் பாருங்கள். மாங்காய் சீசனில் பள்ளி தவறுகிற நாட்கள் நிறையச் சொல்லும்.

பெற்றோர் இடைவெளி விட்டு வந்து பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. குழு அது பிள்ளைக்கு நல்லதல்ல என்று கருதினால் காரணம் எழுதி மறுக்கலாம். ஆணையில் தேதியும் இடமும் இல்லாவிட்டால் இந்தச் சந்திப்பு நடக்காது. "மாதம் ஒருமுறை" என்று வராமல் "ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, அலகு அலுவலகத்தில்" என்று வரும்படி கேளுங்கள்.

அண்ணன் தங்கை பிரிந்துபோவது இன்னொன்று. இல்லங்கள் ஆண், பெண், வயது என்று பிரிந்திருப்பதால் அண்ணன் ஒரு ஊரில், தங்கை இன்னொரு ஊரில் என்று ஆகிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கேட்க ஆள் இல்லாததால் அப்படியே நிற்கிறது. உடன்பிறந்தவரைச் சேர்த்து ஏற்கும் குடும்பம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சந்திப்பு அட்டவணையை ஆணையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

#9 வத்தல்மலை

விட்டுப்போனது ஒன்று. நம் மாவட்டங்களில் தன்னார்வலர் அடிக்கடி பார்க்கப்போவது, அப்பா இறந்து அல்லது போய்விட்டு, பாட்டி வீட்டில் இருக்கிற பிள்ளையை. அங்கே பிரச்சினை பணம் மட்டும்தான் என்றால் இல்லத்துக்கு அனுப்பவே கூடாது. இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 3-ல் இருக்கும் கொள்கை. அதற்குத்தான் நிதி ஆதரவுத் திட்டம்: மாதம் 4,000 ரூபாய், குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டமும் 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது, மாதம் 2,000. எது பொருந்தும் என்று அலகில் நிறுவனம் சாராப் பராமரிப்பைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள். இல்லங்களைப் பார்க்கும் அலுவலர் வேறு. மாற்றிக் கேட்டால் ஒரு நாள் வீண்.

#10 அரூர்வாசி

வத்தல்மலை சொன்ன திட்டங்களில் மனு நிராகரிக்கப்படுவது எல்லாம் காகிதத்தில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளிப் பதிவில் பின்னால். தெலுங்குப் பெயரைப் பள்ளியில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். வங்கிக் கணக்கு இருக்கும், ஆதார் இணைப்பு இருக்காது, அல்லது பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியிருக்கும். பணம் "அனுப்பப்பட்டது" என்று அங்கே இருக்கும், இங்கே வந்திருக்காது. எதற்கும் முதலில் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளுக்கு இது தவறிப்போய், பிறகு உதவித்தொகை நிற்கும்.

பிறப்புச் சான்று இல்லாவிட்டால், பதிவு ஓராண்டு கடந்துபோயிருந்தால், வருவாய் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். சித்தேரி மலையாளி, அஞ்செட்டிப் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றும் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், தாசில்தார் இல்லை. அப்பா, பெரியப்பா, அத்தை யாருடைய சான்றாவது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்தச் சான்றை 10-ம் வகுப்புக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். பிள்ளை இல்லத்தை விட்டு வெளியே வந்த பிறகு அலைவது மிகக் கஷ்டம்.

மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று புதுப் பள்ளி சேர்க்க மறுத்தால், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5-ஐக் காட்டுங்கள். சான்றிதழ் தாமதம் சேர்க்கையை மறுக்கக் காரணம் ஆகாது. பழைய பள்ளி எமிஸ் என்ற மாணவர் விவரத் தளத்தில் பெயரை விடுவிக்கவில்லை என்றால் இரண்டு தலைமை ஆசிரியர்களையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள், அன்றே முடிந்துவிடும்.

#11 தென்பெண்ணை

குழுவுக்குக் கொடுக்கிற அறிக்கை பற்றி. ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மேலே வழக்கு எண் மட்டும். எந்தத் தேதியில், எவ்வளவு நேரம், யார் உடனிருக்கப் பார்த்தீர்கள். கண்ணால் பார்த்தது தனியாக, பிள்ளை சொன்னது மேற்கோளுக்குள் தனியாக, மற்றவர் சொன்னது யார் சொன்னார் என்று தனியாக. கடைசியில் கோரிக்கை, ஒன்று அல்லது இரண்டு, நிறைவேற்றக்கூடியதாக. "பிள்ளையின் கல்வியில் கவனம் செலுத்த வேண்டும்" என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. "கண் பரிசோதனை அரசு மருத்துவமனையில் 10 நாளுக்குள் செய்து அறிக்கை தர இல்லத்துக்கு உத்தரவிடக் கோருகிறேன்" என்றால் குழு அப்படியே ஆணையில் எழுதலாம். "பாவம்", "பரிதாபமான நிலை", "பொறுப்பற்ற தந்தை" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

உங்கள் கருத்தும் பிள்ளையின் விருப்பமும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பிள்ளையின் விருப்பத்தை முதலில்.

ஆணை சரியில்லை என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு, பிற்காப்பு (18 வயதுக்குப் பிறகு தரும் ஆதரவு) சார்ந்த ஆணை என்றால் மாவட்ட ஆட்சியரிடம். குழுவின் செயல்பாட்டின் மீதே குறை என்றால், அதுவும் ஆட்சியரிடம்தான். ஆனால் திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் பிள்ளையின் பெயரைப் போட்டு மனு கொடுக்காதீர்கள். அந்த மனு பல கைகளுக்குப் போகும். வழக்கு எண்ணை மட்டும் எழுதி, மூடிய உறையில் நேரடியாக.

#12 பாரூர்க்கரை

எல்லோருக்கும் நன்றி. எப்போதும் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

#13 வத்தல்மலை

பெரும்பாலும் ஆமாம். வறுமை காரணமாக மட்டும் பிரிக்கப்பட்ட பிள்ளை சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லத்தில் நாள் கூடக் கூட வீட்டோடு இருக்கும் பாசம் தேய்கிறது.

#14 தளி_மேகலை

இந்த இடத்தில் நான் ஒத்துக்க மாட்டேன் வத்தல்மலை. நம்ம ரெண்டு மாவட்டத்திலும் இல்லத்துக்கு வர்ற பெண் பிள்ளைகளில் குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பி வந்தவங்களும் உண்டு. அப்பா அம்மா அழுதுகொண்டே வந்து, "இனிமே செய்ய மாட்டோம்"னு எழுதிக் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஆனி மாசம் போன பிள்ளைக்கு ஆவணியில் வேற ஊர்க் கோயிலில் தாலி கட்டிடுவாங்க. உறுதிமொழிக் கடிதத்தை நம்பி அனுப்பக் கூடாது.

#15 வத்தல்மலை

அனுப்பவே கூடாது என்கிறீர்களா? 15 வயதுப் பிள்ளையை 18 வரை இல்லத்தில் வைப்பதும் தீர்வு இல்லையே. அவளே வீட்டுக்குப் போகணும் என்று கேட்டால்?

#16 தளி_மேகலை

கேட்டால் அனுப்பலாம். ஆனா நாலு விஷயம் கையில் இருக்கணும். ஒன்று, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 பிரிவு 13-ல் நீதித்துறை நடுவரிடம் தடையாணை. அது இருக்கும்போது நடக்கும் கல்யாணம் பிரிவு 14-ன்படி செல்லாது, அதனால் மாப்பிள்ளை வீடே பின்வாங்கும். மனுவை மாவட்ட சமூக நல அலுவலர் போடலாம், அவர்தான் தடுப்பு அலுவலர். இரண்டு, வீட்டுக்குப் போகிற அன்றே பள்ளிச் சேர்க்கை உறுதியாகணும். 10-ம் வகுப்பு முடிவு வந்து ஜூனில் 11-ல் சேராத பெண் பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருப்பவள். மூன்று, பின்தொடர்வு வருகைத் தேதிகளை முகூர்த்த மாசங்களைப் பார்த்துப் போடணும்: ஆவணி, தை, வைகாசி. மூணு மாசத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகப் போட்டால் ஆடியில் போய்ப் பார்த்துட்டு "நலம்"னு எழுதிட்டு வருவாங்க. நான்கு, பிள்ளை நம்புகிற ஒரு பெரியவர் ஊரில் யார் என்று அவளிடமே கேட்டு, அவர் பெயர் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கணும். டீச்சராகவோ அத்தையாகவோ இருக்கலாம்.

#17 வத்தல்மலை

இந்த நாலோடு என்றால் எனக்கு மறுப்பில்லை. தடையாணை பற்றி நான் யோசிக்கவில்லை. குடிக்கிற அப்பா வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் பின்தொடர்வு நாளை இதேபோல யோசித்துப் போட வேண்டும். கூலி கைக்கு வரும் நாளுக்கு மறுநாள் போனால்தான் நிலைமை தெரியும்.

#18 அரூர்வாசி

குழந்தையை வேண்டாம் என்கிற குடும்பத்தையும் நீங்கள் சந்திக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்ததன் காரணம் பெண் சிசுக்கொலை என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போதும் "தெரிந்த இடத்தில் நல்லா வளர்ப்பாங்க" என்று கைமாற்றிக் கொடுக்க யோசிப்பவர்கள் உண்டு. சட்ட நடைமுறை இல்லாமல் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 80-ல் 3 ஆண்டு வரை சிறை தரும் குற்றம். அவர்களைப் பயமுறுத்தாமல் குழுவிடம் வரச் சொல்லுங்கள். குழுவிடம் ஒப்படைத்த பிறகும் மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு. ஊரில் தாய்மாரிடம் பேசும்போது இதைச் சொன்னால் பலருக்கு மூச்சு வரும்.

#19 பாரூர்க்கரை

18 வயது முடிந்தால்?

#20 தகடூரான்

17-லேயே ஆரம்பியுங்கள். பிற்காப்பு 21 வரை, விதிவிலக்காக 23 வரை நீட்டிக்கலாம், ஆனால் தானாக வராது, மனு வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: ஆதார், தன் பெயரில் இயங்கும் வங்கிக் கணக்கு, மதிப்பெண் சான்றிதழ்கள், சமூகச் சான்று, மருத்துவப் பதிவு, குழு ஆணைகளின் நகல். கல்லூரிக்குப் போகிறவர்கள் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அசல் எல்லாவற்றையும் பிள்ளையின் கையில் கொடுங்கள், இல்லத்தின் பீரோவில் விடாதீர்கள்.

இன்னொன்று. உங்களால் தொடர முடியாத நிலை வந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்தவரைக் கூட்டி வந்து அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள். விட்டுப் போனவர்களை எண்ணி எண்ணியே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

#21 பாரூர்க்கரை

சரிங்க. கடைசியாக ஒன்று. பிள்ளையைக் குழுவின் முன் கூட்டிப் போகும் அன்று என்ன தயாராக இருக்க வேண்டும்?

#22 தளி_மேகலை

முந்தின நாள் பிள்ளையிடம் அங்கே எத்தனை பேர் இருப்பாங்க, என்ன கேட்பாங்க, பதில் தெரியாவிட்டால் "தெரியல"ன்னு சொல்லலாம் என்று சொல்லி வையுங்க. என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுக்காதீங்க. காலையில் சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போங்க, காத்திருப்பு நீளும். தண்ணி, பிஸ்கட், வரையத் தாள், பென்சில். அப்பா அம்மாவும் அதே நாள் வருவாங்களா என்று முன்னாடியே விசாரிச்சு, வந்தால் எங்கே உட்காருவது என்று அலுவலகத்தில் பேசி வையுங்க. மாதவிலக்கு நாளா என்று பெண் பிள்ளையிடம் பெண் பணியாளர் கேட்டுக்கட்டும். உள்ளே பிள்ளை தனியாகப் பேசணும்னு கேட்டால் நீங்களும் வெளியே வந்திடுங்க.

அஞ்செட்டி, சித்தேரி மாதிரித் தொலைவிலிருந்து பாட்டி வர்றாங்கன்னா, அவங்க வழக்கை முற்பகலில் எடுக்கச் சொல்லி அலுவலகம் திறந்ததுமே கேட்டு வையுங்க. பிள்ளையைப் பாட்டியோடு அனுப்ப ஆணை வந்தும் கடைசி பஸ் போயிட்டால், அன்று ராத்திரி அது மறுபடி இல்லத்தில்தான் படுக்கும்.